இரண்டு எம்.ஆர்.ஐ. தாள்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் சாக்பீஸைக் கீழே வைக்காத வாத்தியார் நான் என்பது உங்களுக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு வலி உள்ளவர்களும், இடுப்பு வலிக்காரரை வீட்டில் வைத்திருப்பவர்களும் அவசியம் கடைசி வரை படிக்கவும்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். வயது 34. சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி, லோடிங் வேலை. கையில் அந்தப் பெரிய ஸ்கேன் கவர். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. "உக்காந்து எழுந்தா சுரீர்னு புடிக்குது சார், நிக்கறேன்" என்றான். கடைசி பெஞ்சிலிருந்து ஓடிவந்து கரும்பலகை துடைக்கிற பையன், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நாலு மாதமாக இடுப்பு வலி. மாத்திரை, தைலம், பெல்ட் எல்லாம் முடிந்து எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கிறான். தாளைப் பார்த்த ஒருவர், "ஜவ்வு விலகி நரம்பை அழுத்துது, இனிமே வெயிட் தூக்கினா கால் விழுந்துடும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வேலைக்குப் போகவில்லை. போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. மூன்று வயது மகளைத் தூக்குவதில்லை. குனிந்து செருப்பு மாட்டுவதில்லை. ஆபரேஷன் செலவுக்கு ஊரில் இருக்கிற ஒரே மனையை விற்கலாமா என்று என்னிடம் கேட்க வந்திருக்கிறான்.

"நீங்க சொல்லுங்க சார், வித்துடட்டுமா?"

நான் டாக்டர் இல்லை, கணக்கு வாத்தியார். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கணக்கு இருப்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் ஒரு வருஷத்துக்கு முன் அதே கதவு நிலையை நானும் பிடித்துக்கொண்டு நின்றவன். உள்ளே போய் பீரோவிலிருந்து என் எம்.ஆர்.ஐ. கவரை எடுத்து வந்தேன். இரண்டு தாளையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

அவன் தாளில் இருந்தது இரண்டு வரி. எல்4 - எல்5 இடையே லேசான டிஸ்க் பல்ஜ், தீக்கல் சாக்கைத் தொடுகிறது. எல்5 - எஸ்1 இடையே டிஸ்க் டெசிக்கேஷன்.

என் தாளில் பாதிப் பக்கம். மூன்று இடத்தில் பல்ஜ், ஓரிடத்தில் புரொட்ரூஷன், ஆன்யுலர் டேர், ஆஸ்டியோஃபைட், ஃபேசட் ஆர்த்ரோபதி, இருபக்கமும் நரம்பு வரும் துளை குறுகல்.

"என்னுது உன்னுதைவிட மோசமா இல்லையா?" என்றேன்.

"ஆமா சார்."

"நான் இப்ப காலையில ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போய்ட்டு, பால் வாங்கிட்டு வந்தேன்."

அவன் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். 

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலியான கேஸ் சிலிண்டரை நகர்த்தக் குனிந்தவன் நிமிர முடியவில்லை. மூன்று வாரம் வலி குறையாததால் பொன்னேரியிலிருந்து தங்கை மகன் வந்து, "மாமா, ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்" என்று கூட்டிப்போனான். அந்தக் குழாய்க்குள் அரை மணி நேரம் தகரக் கொட்டகையில் கல் எறிகிற மாதிரிச் சத்தம். மறுநாள் தாள் வந்தது. அதைப் படித்த பிறகுதான் நான் உண்மையான நோயாளி ஆனேன். தாள் வருவதற்கு முன் வலியோடு கடைத்தெருவுக்காவது போய் வந்தேன். வந்த பிறகு கட்டிலை விட்டு இறங்கவில்லை. உடம்புக்குள் ஏதோ கிழிந்து தொங்குவது போல மனசுக்குள் ஒரு படம். 'டேர்' என்றால் கிழிசல் என்று எனக்கு இங்கிலீஷ் தெரிந்ததுதான் வினை.

பிறகு பார்த்த டாக்டர் கவரைக் கையில் வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். முதலில் என்னைப் பார்த்தார். மல்லாக்கப் படுக்கச் சொல்லி ஒவ்வொரு காலாக முட்டி மடக்காமல் உயர்த்தினார். கட்டைவிரலை அவர் கைக்கு எதிராக மேலே தள்ளச் சொன்னார். குதிகாலில் நடக்கச் சொன்னார், பிறகு முன்விரலில். முட்டியிலும் கணுக்காலின் பின்னாலும் சின்னச் சுத்தியலால் தட்டினார். சிறுநீர், மலம் வழக்கம்போல் போகிறதா, தொடையின் உள்பக்கம் மரத்துப்போகிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "உங்க வயசுக்கு இருக்க வேண்டியது இருக்கு சார். தலை நரைச்சதுக்கு யாராவது ஸ்கேன் எடுப்பாங்களா? நடங்க" என்றார்.

அந்தச் சோதனை ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கட்டைவிரலை மேலே தூக்கும் சக்தி பெரும்பாலும் எல்5 நரம்பைச் சார்ந்தது. முன்விரலில் எம்பி நிற்பதும் கணுக்காலில் தட்டினால் துள்ளுவதும் எஸ்1 நரம்பின் வேலை. அதாவது அவர் என் நரம்புகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுத்திருக்கிறார். எல்லாம் 'உள்ளேன் ஐயா' சொல்லிவிட்டன.

இனி கொஞ்சம் பாடம்.

நம் முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே 23 டிஸ்க்குகள் உண்டு. ஊரில் ஜவ்வு என்கிறோம். வெளியே வளையம் வளையமாக நார், உள்ளே தண்ணீர் நிறைந்த கொழகொழப்பு. வளர்ந்த மனிதரின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் போவதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து சத்து மெல்லக் கசிந்து உள்ளே போக வேண்டும். கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு இதை எம்.ஆர்.ஐ. மூலமே ஆராய்ந்தது. மருந்தை ஊசி வழியே செலுத்தி, அது டிஸ்க்கின் நடுப்பகுதிக்குப் போய்ச் சேருவதை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆராய்ச்சிக்கு 2004இல் முதுகெலும்புத் துறையின் சர்வதேசப் பரிசு கிடைத்தது. இப்படிக் கசிவை நம்பி வாழும் பொருள் சீக்கிரமே வயதாகத் தொடங்குவதில் ஆச்சரியமில்லை.

எம்.ஆர்.ஐ. எந்திரம் பார்ப்பது முக்கியமாகத் தண்ணீரைத்தான். ஒரு வகைப் படத்தில் தண்ணீர் உள்ள டிஸ்க் வெள்ளையாகவும், வற்றியது கறுப்பாகவும் தெரியும். கறுப்பானால் 'டெசிக்கேஷன்', அதாவது ஈரம் குறைந்தது. 'பல்ஜ்' என்றால் டிஸ்க் சுற்றிலும் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, காற்று குறைந்த சைக்கிள் டயர் மாதிரி. ஒரு பக்கம் மட்டும் முண்டினால் 'புரொட்ரூஷன்'. உள்ளிருப்பது நாரைத் தாண்டி நன்றாகவே வெளியே வந்தால் 'எக்ஸ்ட்ரூஷன்'. துண்டாகப் பிரிந்துவிட்டால் 'சீக்வெஸ்ட்ரேஷன்'. 'ஆன்யுலர் டேர்' என்பது நார் வளையத்தில் வெடிப்பு. வயல் மண்ணில் வருவது போல, அடிபட்டுக் கிழிந்தது என்று அர்த்தமில்லை. அதனால்தான் இப்போது பலர் 'டேர்' என்று எழுதாமல் 'ஃபிஷர்' என்று எழுதுகிறார்கள். 'ஆஸ்டியோஃபைட்' என்பது எலும்பு ஓரத்தில் வளரும் சின்ன முனை.

இப்போது கணக்கு. பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது நான் கேட்கிற கேள்வி நினைவிருக்கிறதா? 'காய்ச்சல் வந்த எல்லாரும் நேற்று சோறு சாப்பிட்டிருக்கிறார்கள். சோறுதான் காய்ச்சலுக்குக் காரணமா?' யாராவது ஒரு பெண் எழுந்து, "காய்ச்சல் வராதவங்களும் சோறுதானே சார் சாப்பிட்டாங்க" என்பாள். அவ்வளவுதான் விஷயம். வலி வந்தவர்களை மட்டும் ஸ்கேன் எடுத்தால், அதில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் போலத்தான் இருக்கும். வலி இல்லாதவர்களையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பார்த்திருக்கிறார்கள். 1994இல் அமெரிக்காவில் முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். படம் பார்ப்பவர்களுக்கு யார் எவர் என்று தெரியக்கூடாது என்பதற்காக வலி உள்ள சிலரின் படங்களையும் நடுவே கலந்துவிட்டார்கள். வலியில்லாத 98 பேரில் 52 சதவீதத்தினருக்குக் குறைந்தது ஓரிடத்தில் பல்ஜ். 27 சதவீதத்தினருக்குப் புரொட்ரூஷன். எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தது 36 சதவீதத்தினருக்கு மட்டுமே. ஆனால் எக்ஸ்ட்ரூஷன் 1 சதவீதம்தான். அதை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

2015இல் இப்படிப்பட்ட 33 ஆய்வுகளைச் சேர்த்து, வலியில்லாத 3,110 பேரின் விவரத்தை வயதுவாரியாகக் கணக்கிட்டார்கள். பல்ஜ் இருந்தவர்கள் 20 வயதில் 30 சதவீதம், 30 வயதில் 40, 40 வயதில் 50, 60 வயதில் 69, 80 வயதில் 84 சதவீதம். டிஸ்க் தேய்மானம் 20 வயதிலேயே 37 சதவீதம், 80 வயதில் 96. மறுபடி சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் வலி இல்லை.

இதை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி அவனிடம் காட்டினேன். "உன் வயசுல, வலியே இல்லாத பத்துப் பேரைப் புடிச்சிக் குழாய்க்குள்ள அனுப்பினா நாலு பேருக்கு உனக்கு இருக்கற மாதிரிதான் இருக்கும். என் வயசுல ஏழு பேருக்கு." அவன் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தான். பிறகு கேட்டது நல்ல கேள்வி: "அப்ப எனக்கு வலிக்கறது பொய்யா சார்?"

பொய் இல்லை. இதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வலி நிஜம், படமும் நிஜம். அந்தப் படம்தான் அந்த வலிக்குக் காரணம் என்று இரண்டையும் முடிச்சுப் போடுவதற்குத்தான் சாட்சி வேண்டும். தசை, தசைநார், சின்ன மூட்டுகள், டிஸ்க் என்று இடுப்பில் வலிக்கக்கூடிய பொருள்கள் நிறைய. பெரும்பாலான இடுப்பு வலியில் இதுதான் காரணம் என்று ஒரே இடத்தை விரல் வைத்துக் காட்ட முடிவதில்லை. அதே சமயம் படத்துக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லக்கூடாது. 50 வயதுக்குட்பட்டவர்களில், வலி இல்லாதவர்களைவிட வலி உள்ளவர்களிடம் இந்த மாற்றங்களில் சில அதிகமாகவே காணப்படுகின்றன. எக்ஸ்ட்ரூஷன் வலியில்லாதவர்களிடம் அபூர்வம் என்று மேலே பார்த்தோமே, அதுவும் அப்படித்தான். சம்பந்தம் உண்டு, ஆனால் தாளைப் படித்துத் தீர்ப்பு எழுதுகிற அளவுக்கு இல்லை.

தாள்மீது எனக்கிருந்த பக்தி இன்னொரு ஆய்வைப் படித்ததும் குறைந்தது. 2017இல் அது வெளிவந்தது. 63 வயதுப் பெண் ஒருவர், இடுப்பு வலியும் வலது காலில் இறங்கும் வலியும் உள்ளவர். மூன்று வாரத்துக்குள் பத்து வெவ்வேறு ஸ்கேன் மையங்களில் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டார். பத்துத் தாளிலும் சேர்த்து 49 வகைக் குறைகள் எழுதப்பட்டிருந்தன. பத்துத் தாளிலும் பொதுவாக இருந்த குறை ஒன்றுகூட இல்லை. ஒரே விடைத்தாளைப் பத்து ஆசிரியர்கள் திருத்திய கதைதான். திருத்தும் முகாமுக்குப் போனவர்களுக்கு இது புரியும்.

எனக்கு மிகவும் உறைத்தது நம் தமிழ்நாட்டு ஆய்வுதான். அதே கங்கா மருத்துவமனையில் டாக்டர் ராஜசேகரன் குழுவினர் 2021இல் வெளியிட்டது. ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாத இடுப்பு வலிக்காரர்கள் 44 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு எம்.ஆர்.ஐ. தாளில் உள்ளதை உள்ளபடி விளக்கினார்கள். மற்றவர்களிடம், 'உங்கள் முதுகு நன்றாக இருக்கிறது, இவை வயதுக்கு ஏற்ற சாதாரண மாற்றங்கள்' என்று தைரியம் சொன்னார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, தாளை முழுக்க விளக்கக் கேட்டவர்களுக்குத் தங்கள் முதுகைப் பற்றிய பயம் அதிகம், வலி குறைந்தது கம்மி, நடமாட்டமும் மோசம்.

பிறகு இன்னொன்றும் செய்தார்கள். 20 பேரின் எம்.ஆர்.ஐ.யை வழக்கமான முறையில் ஒரு தாளாகவும், பயமுறுத்தும் சொற்களைத் தவிர்த்து இன்னொரு தாளாகவும் எழுதி, மருத்துவத் துறையினரிடமே எது எது என்று சொல்லாமல் கொடுத்தார்கள். இரண்டாவது வகைத் தாளைப் படித்தபோது அவர்களில் பெரும்பாலான பிரிவினர் நோயையும் லேசாகவே மதிப்பிட்டார்கள், ஆபரேஷன் தேவை என்றும் குறைவாகவே சொன்னார்கள். படித்தவர்களையே சொல் அசைக்கிறது என்றால், லோடிங் வேலைப் பையன் எம்மாத்திரம்?

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு பழைய ரேங்க் கார்டு நினைவுக்கு வந்தது. அரையாண்டில் ஒரு பையன் நூற்றுக்கு 22. மதிப்பெண்ணோடு நிறுத்தியிருக்கலாம். 'இவனுக்குக் கணக்கு வராது' என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பல வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க எழுதினதுக்கப்புறம் நான் கணக்கு நோட்டைத் தொடறதையே விட்டுட்டேன் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. 22 என்பது உண்மை. அதன் பக்கத்தில் நான் எழுதிய வரி உண்மையில்லை. அந்தப் பையனும் இதைப் படிக்கலாம். மன்னித்துவிடு தம்பி.

சரி, அப்படியானால் எம்.ஆர்.ஐ.யே வேண்டாமா? அப்படி யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். நெருங்கிய உறவில் ஓர் அண்ணிக்கு முதுகு வலி. படுத்தாலும் வலித்தது, சாயங்காலமானால் காய்ச்சல், எடை குறைந்துகொண்டே வந்தது. வயதுக் கோளாறு என்று விட்டிருந்தோம். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் முதுகெலும்பில் டி.பி. என்று தெரிந்தது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு இன்று நன்றாக இருக்கிறார். நுரையீரலைத் தாண்டி எலும்பிலும் டி.பி. வரும் என்பதை நம் நாட்டில் மறக்கக்கூடாது.

ஆகவே இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது கட்டுப்பாடு இல்லாமல் போவது, மலம் போவது தெரியாமலிருப்பது, உட்காரும் இடமும் தொடையின் உள்பக்கமும் மரத்துப்போவது - இதில் ஒன்று வந்தாலும் அன்றே, அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பாதம் தொங்குவது, காலில் பலம் நாளுக்கு நாள் குறைவது என்றாலும் தாமதிக்கக் கூடாது. காய்ச்சல், எடை குறைவு, முன்பு புற்றுநோய் வந்தவர்கள், விழுந்து அடிபட்டவர்கள், எலும்பு பலவீனமான வயதானவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் - இவர்களும் டாக்டரிடம் இதைச் சொல்லிக் காட்ட வேண்டும்.

காலில் இறங்கும் வலி தனிக் கதை. பிட்டத்திலிருந்து முட்டிக்குக் கீழே பாதம் வரை மின்சாரம் போல ஓடினால், படத்தில் தெரியும் இடமும் பக்கமும் அந்த நரம்போடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பொருந்தினால் படத்துக்கு மதிப்பு வருகிறது. அப்போதும் அவசரமில்லை. வெளியே வந்த டிஸ்க் துண்டு, பெரிதாக வந்ததுதான், பல பேருக்குத் தானாகவே சுருங்கிப் போகிறது. உடம்பே அதை அரித்துத் தின்றுவிடுகிறது. நெதர்லாந்தில் கால் நரம்பு வலி கடுமையாக இருந்த 283 பேரை வைத்துச் செய்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருஷ முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதத்தினர் குணமாகியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தேவைப்படுகிறவருக்கு ஆபரேஷன் வரம்தான்.

நம் பையன் விஷயத்துக்கு வருகிறேன். மனையைப் பற்றி ஒன்றும் முடிவெடுக்காதே என்று சொல்லிவிட்டு, மறுவாரம் ரயிலேறி அவனை அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அதே வருகைப் பதிவு. கால் பலம் சரி, சுத்தியலுக்குத் துள்ளல் சரி, வலி இடுப்போடு நிற்கிறது, காலில் இறங்கவில்லை. "ஆபரேஷன் பண்ண இதுல ஒண்ணும் இல்லப்பா" என்றார். நடக்கச் சொன்னார். சில பயிற்சிகள் எழுதிக் கொடுத்தார், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னார். பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். நீடித்த இடுப்பு வலிக்கு பெல்ட்டும், இழுத்துக் கட்டும் ட்ராக்ஷனும் வழக்கமாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. உடற்பயிற்சியையும், நோயைப் புரியவைப்பதையும் அது பரிந்துரைக்கிறது.

இப்போது முழுக்கக் குணமாகிவிட்டான் என்று எழுத ஆசைதான். உண்மை அப்படியில்லை. நைட் ஷிஃப்ட் முடிந்தால் இன்னமும் வலிக்கிறது என்கிறான். வேலை அப்படி. நாள் முழுக்க மூட்டை தூக்கினால் யாருடைய இடுப்பும் முனகத்தான் செய்யும். நம் ஊர்ச் சோதனைச்சாவடி டீக்கடையில் லாரி டிரைவர்களைக் கேளுங்கள், ஆளுக்கு ஒரு டிஸ்க் கதை வைத்திருப்பார்கள். தெலுங்கு வீடுகளில் 'நடுமு நொப்பி' என்று அதே கதை. ஸ்கேனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று சொல்வது, பாரத்தைக் குறைக்க வேண்டாம் என்பதாகாது. சூப்பர்வைசரிடம் பேசி இப்போது இரண்டு பேராகத் தூக்குகிறார்கள். கம்பெனிகளில் பொறுப்பில் இருக்கும் என் மாணவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

மனை விற்கவில்லை. போன வாரம் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தான். எழுந்திருக்கும்போது ஒரு கை இடுப்புக்குப் போனது, நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கடைசியாக வீட்டுப்பாடம். யாராவது உங்களை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, இதில் என்ன தெரிந்தால் என் சிகிச்சை மாறும்? இரண்டு, தெரிந்த குறை என் வலி இருக்கும் இடத்தோடும், என்னைச் சோதித்துப் பார்த்ததோடும் பொருந்துகிறதா? மூன்று, என் வயதில் வலியில்லாதவர்களுக்கும் இது இருக்குமா? நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். கவரை முதலில் தொடாமல் உங்கள் காலை முதலில் தொடுகிற டாக்டர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

டாக்டர்களாக இருக்கும் பிள்ளைகள் தப்பு இருந்தால் கீழே திருத்துங்கள். வாத்தியாரைத் திருத்துவதில் கூச்சம் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
எளாவூர்.